ஓட்டாத டிராக்டருக்கு ஓட்டுநர்: ஒரு விபத்து வழக்கின் நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவின் கோர்ட்டுகளில் 20 வருடங்களுக்கு மேலாக எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் ஆஜராகி வருகிறேன். நான் எழுதப்போகும் இந்த வழக்கு பெரிய வழக்கல்ல. கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஆனால் தொடக்கத்தில் நான் செய்த ஒரு தவறு இதில் இருக்கிறது. அதே தவறை இந்தப் பக்கத்து ஜூனியர்கள் இன்றும் செய்வதைப் பார்க்கிறேன்.

வழக்கில் எதிரியாக நிறுத்தப்பட்ட ஓட்டுநரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊர், ஆட்கள், காவல் நிலையம், நீதிமன்றம் எதன் பெயரையும் சொல்லவில்லை. அன்று இரவு டிராக்டரை உண்மையில் ஓட்டியது யார் என்பதும் இதில் இருக்காது. அது எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

பின்னணி

2022 பிப்ரவரி. பாமணியாற்றுப் பாசனத்தில் சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சேலம், ஆத்தூர் பக்கமிருந்து வந்த அறுவடை மிஷின்கள் இரவு பகலாக ஓடின. மிஷின் கொட்டும் நெல்லை வயலிலிருந்து களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் மில்லுக்கும் டிராக்டர்கள் இழுத்தன. அந்த மாதங்களில் டெல்டாவின் கிராமச் சாலைகளில் இரவில் போனவர்களுக்குத் தெரியும்: முன்னால் டிராக்டர் விளக்கு எரியும், பின்னால் டிரெய்லருக்கு விளக்கும் இருக்காது, சிவப்பு ஒட்டுத்தாளும் இருக்காது.

ஒரு வாய்க்கால் மதகடியில், இரவு 9.20 சுமாருக்கு, வாய்க்கால் கரையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறிய டிராக்டரின் டிரெய்லர் மொபெட்டில் வந்த ஒருவர் மேல் மோதியது. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். 9.26-க்கு 108-க்கு அழைப்பு போயிருக்கிறது. மருத்துவமனை போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. டிராக்டரை ஓட்டியவர் குதித்து வரப்பு வழியாக ஓடிவிட்டார். தெருவிளக்கு எரியவில்லை.

பெயர் தெரியாத ஓட்டுநர் மேல் இந்திய தண்டனைச் சட்டம் 279, 304ஏ பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. மூன்றாம் நாள் காலையில் டிராக்டரின் உரிமையாளர் தன்னிடம் வேலை பார்க்கும் 26 வயது இளைஞர் ஒருவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், ‘இவன்தான் ஓட்டினான்’ என்று ஒப்படைத்தார். மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவின்படி, வண்டியை ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலையும் எழுத்தில் கொடுத்தார். இளைஞரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்தது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் ஸ்டேஷனிலேயே பிணையில் விட்டார்கள். போலீஸைப் பொறுத்தவரை யார் ஓட்டியது என்ற கேள்வி அன்றோடு முடிந்துவிட்டது. அடையாள அணிவகுப்பு நடத்தவில்லை.

முதல் வாரமும் என் தவறும்

நான்காம் நாள் உரிமையாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். என் சீனியர் காலத்திலிருந்தே பழக்கம். நிலத் தகராறு, வாய்க்கால் தகராறு எல்லாவற்றுக்கும் எங்களிடம்தான் வருவார். இளைஞரும் கூட வந்திருந்தார். அவர் வாசல்படிக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னேன். ‘இருக்கட்டும் சார்’ என்றார்.

“அறுப்பு நேரம் சார், வண்டி ஸ்டேஷன்ல நின்னா ஒரு நாளைக்கு எவ்வளவு நட்டம்னு உங்களுக்கே தெரியும். முதல்ல வண்டிய எடுத்துக் குடுங்க. கேஸ பிறகு பார்த்துக்கலாம். பையன் ஒத்துக்கிறான், ஃபைன கட்டி முடிச்சுடலாம்” என்றார் உரிமையாளர்.

நான் இரண்டு வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன். ஒன்று உரிமையாளருக்கு, ஒன்று இளைஞருக்கு. இரண்டுக்கும் கட்டணம் கொடுத்தவர் உரிமையாளர். வண்டியைத் திரும்பக் கேட்டு குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி மனு போட்டேன். வாகனங்களை ஸ்டேஷனில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைக்காமல் சீக்கிரம் விடுவிக்க வேண்டும் என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, பத்தே நாளில் வண்டி கிடைத்தது.

அந்த மனுவோடு சேர்த்த உரிமையாளரின் பிரமாணப் பத்திரத்தில், ‘மேற்படி வாகனத்தைச் சம்பவ நேரத்தில் என் ஓட்டுநர் இன்னார் ஓட்டிவந்தார்’ என்று ஒரு வரி இருக்கிறது. அது என் அலுவலகத்தில் டைப் ஆன வரி. வண்டியை விடுவிக்க அந்த வரி தேவையே இல்லை. ஆர்.சி., இன்ஷூரன்ஸ், உறுதிப் பத்திரம் போதும். வழக்கமான மாதிரியில் இருந்ததால் அப்படியே போய்விட்டது. அந்த ‘இன்னார்’ ஐந்தடி தூரத்தில் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். ‘நீ ஓட்டினியா?’ என்று நான் அவரைக் கேட்கவில்லை.

அவரும் என் கட்சிக்காரர்தான். அந்த வாரம் முழுவதும் அவரிடம் நான் பேசியது, ‘இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து’ என்பது மட்டும்தான்.

ஆகஸ்ட் மாலை

மே மாதம் குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஆகஸ்டில் சம்மன் வந்தது. முதல் வாய்தாவுக்கு முந்தின நாள் மாலை, நகல்களைப் படித்துவிட்டு உரிமையாளருக்குப் போன் செய்து பையனை அனுப்பச் சொன்னேன். அவருக்கு அன்று ஒரு கல்யாணம். அதனால் பையன் தனியாக வந்தார். தற்செயலாக அமைந்ததுதான். நான் திட்டமிட்டுத் தனியாக வரச் சொன்னதாகப் பெருமை பேச முடியாது.

நாளை நீதிபதி குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி ‘ஒத்துக்கொள்கிறாயா’ என்று கேட்பார், என்ன நடந்தது என்பதை ஒருமுறை சொல்லு என்றேன்.

“மதகுகிட்ட திரும்பும்போது அடிச்சிடுச்சு சார்.”

“லோடு இருந்துச்சா?”

“இல்ல சார். எம்ட்டி.”

என் கையில் பார்வை மகஜரின், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய குறிப்பின் நகல் இருந்தது. சாலையின் இடது ஓரத்தில் ஆறடி நீளத்துக்கு நெல்மணிகள் சிதறிக் கிடந்ததாக அதில் எழுதியிருந்தது. காலி டிரெய்லரிலிருந்து நெல் சிதறாது. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்து, வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது, மொபெட் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று வரையச் சொன்னேன். மதகை அழகாக வரைந்தார். மதகுப் பலகைகளைக்கூட விடவில்லை. பிறகு டிராக்டரை ஊர்ப் பக்கமிருந்து தார்ச்சாலையில் நேராக வருவதுபோல் போட்டார். போலீஸ் வரைபடத்தில் டிராக்டர் வாய்க்கால் கரையிலிருந்து மேலேறி வருகிறது. சக்கரத் தடமும் அங்கேதான் இருந்திருக்கிறது. மதகு அவருக்கு நன்றாகத் தெரியும். விபத்துதான் தெரியவில்லை.

இந்த இடத்தில் ‘பொய் சொல்றியா’ என்று கேட்டிருந்தால் அவர் இன்னும் இறுகியிருப்பார் என்று நினைக்கிறேன். போலீஸ் கேட்டாலும் முதலாளி கேட்டாலும் ‘நான்தான்’ என்று சொல்லிப் பழகிவிட்டார். அதனால் பேச்சை மாற்றி, அன்று ராத்திரி எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

“மில்லு வாசல்ல பரோட்டா சார்.”

சொன்னதும் நிறுத்திவிட்டார். பேனாவைத் தாளின் மேல் வைத்தார். மில் என்றால் விபத்து நடந்த இடத்திலிருந்து 18 கிலோமீட்டர்.

நானும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்தார். சாமி படத்துக்குப் பின்னால் நான்காக மடித்த இளஞ்சிவப்புக் கார்பன் சீட்டு ஒன்று இருந்தது. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. மில்லுக்குப் பக்கத்து எடைமேடைச் சீட்டு. வண்டி எண், முதலாளியின் இன்னொரு டிராக்டருடையது. பொருள்: நெல். மொத்த எடை 7,410 கிலோ, நேரம் 21:38. காலி எடை 3,360 கிலோ, நேரம் 22:31. ஓட்டுநர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து.

“இத ஏம்ப்பா ஆறு மாசமா வெச்சிருக்க?”

“பேட்டா கணக்கு சார். அன்னிக்கு ட்ரிப்புக்கு இன்னும் வாங்கல.”

நெல் ஏற்றிய டிராக்டர் எங்கள் சாலையில் 18 கிலோமீட்டரைக் கடக்கக் குறைந்தது முக்கால் மணி நேரம் ஆகும். 9.20-க்கு மதகடியில் இருந்தவர் வேறொரு வண்டியோடு 9.38-க்கு எடைமேடையில் ஏறி நிற்க வழியில்லை.

ஏன் ஏற்றுக்கொண்டார்

இதைப் புரிந்துகொள்ள எனக்கு அன்று மாலை முழுதும் ஆனது. கடன்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். தங்கை கல்யாணத்துக்கு முதலாளியிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். சிங்கப்பூர் போக விசா ஏற்பாடு செய்வதாகவும் முதலாளி சொல்லியிருந்தார். ‘அவங்க வீட்டு உப்பத் தின்னுருக்கேன் சார்’ என்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் அவரைப் பிடித்து வைத்திருந்தது வேறொன்று.

உண்மையில் ஓட்டியவருக்கு உரிமம் கிடையாது. உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்று தெரிந்தால் இன்ஷூரன்ஸ் ஒரு பைசா கொடுக்காது, இறந்தவர் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும், நீ ஒத்துக்கொண்டால் அவர்களுக்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு நல்லது செய்வதாக நினைத்தே அவர் தலையைக் கொடுத்திருக்கிறார்.

சட்டம் அப்படி இல்லை. ஓட்டியவருக்கு முறையான உரிமம் இல்லாவிட்டாலும், பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தை முதலில் பணம் கட்டச் சொல்லி, பிறகு அதை வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள விடலாம் என்று 2004-இல் சுவரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. பொய்யால் காப்பாற்றப்படுவது குடும்பத்தின் பணமல்ல, உரிமையாளரின் பணம். இதை நான் சொன்னபோது அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். “அப்ப அவங்களுக்குக் கிடைக்குமா சார்?”

மற்றவற்றையும் விளக்கினேன். போலீஸிடம் ‘நான்தான்’ என்று சொன்னதைச் சாட்சியச் சட்டம் 25-வது பிரிவின்படி அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் நீதிபதி முன் ஒத்துக்கொண்டால் கதை வேறு. அதன் பேரிலேயே தண்டிக்கலாம். அப்படித் தண்டிக்கப்பட்டால் குற்றவாளி என்ற முடிவை எதிர்த்து அப்பீல் இல்லை, தண்டனையின் அளவையும் சட்டத் தகுதியையும் பற்றி மட்டும்தான் மேலே போக முடியும். ‘ஃபைன்தான்’ என்பதும் நிச்சயமில்லை. 304ஏ-வுக்கு இரண்டு வருடம் வரை சிறை உண்டு. வாகனம் ஓட்டி உயிரைப் போக்கிய வழக்குகளில் நன்னடத்தைச் சலுகை காட்டக் கூடாது என்ற கருத்தை 2000-இல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. ஓட்டுநர் உரிமத்தையும் நீதிமன்றம் நிறுத்திவைக்கலாம். சிங்கப்பூர் கனவைப் பற்றியும் சொன்னேன். கோர்ட்டில் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதே பாஸ்போர்ட்டை மறுக்கக் காரணமாகலாம். கோர்ட்டில் அனுமதி வாங்கினால்தான் வழி பிறக்கும். விசா வாங்கித் தருகிறேன் என்று சொன்ன கையாலேயே பாஸ்போர்ட்டுக்கு முட்டுக்கட்டை போட்டிருந்தார்கள். இது அவருக்குத் தெரியவே தெரியாது.

கடைசியாக ஒன்று சொன்னேன். “நீ சொல்லச் சொல்லாம இதுல ஒரு வார்த்தையும் என் வாயிலேர்ந்து வெளிய போகாது. ஆனா நீ ஓட்டலன்னு தெரிஞ்சபிறகு, ஓட்டினேன்னு நீ ஒத்துக்கும்போது உன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்.”

மறுநாள் கோர்ட்டில் நகல்களைப் படிக்க அவகாசம் கேட்டு வாய்தா வாங்கினேன். இரண்டு வாரம் கிடைத்தது.

அம்மா

நான்கு நாள் கழித்து அவர் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்குத்தான் ஒன்று தெரிந்தது: அந்த அம்மாவுக்கும் உண்மை தெரியாது. மகன்தான் அடித்துவிட்டான் என்றே ஆறு மாதமாக நம்பியிருக்கிறார். இறந்தவரின் மனைவியும் அவரும் ஒரே நடவுக் குழு. 2022-இல் மேட்டூரை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். குறுவைக்குச் சீக்கிரமே நடவு தொடங்கி, ஆள் கிடைக்காமல் திண்டாடிய வருடம் அது. அப்படியிருந்தும் இந்த அம்மா ஒருநாள்கூட நடவுக்குப் போகவில்லை. “அவ மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு அந்தத் தெருப்பக்கமே போகல சார்” என்றார்.

மகன் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத முன்னாடியே எங்கிட்ட காட்டியிருக்கலாம்ல” என்று மட்டும் கேட்டார். அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது.

நான் எடுத்த முடிவு

இனி இந்த வழக்கில் யாருக்காகவும் நான் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன். சில நண்பர்கள் இதை ஏற்கவில்லை. ‘உண்மை உன் கையில் இருக்கும்போது ஏன் விடுகிறாய்’ என்றார்கள். காரணம் எளிது. உரிமையாளர் அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி. ஓட்டுநருக்காக ஆஜரானால் அவரைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அவருக்காக நானே பிரமாணப் பத்திரம் தயாரித்திருக்கிறேன், அதே விஷயத்தில். ஒருவரின் நம்பிக்கையை வாங்கி இன்னொருவருக்காக அவர் மேலேயே திருப்ப முடியாது. அப்படிச் செய்தால் ஓட்டுநரின் வழக்குக்கும் அது பலவீனம். வக்கீல் கட்சி மாறியதுதான் பேச்சாகும், எடைமேடைச் சீட்டு பின்னுக்குப் போய்விடும்.

உரிமையாளரைக் கூப்பிட்டு, இரண்டு வழக்கிலிருந்தும் விலகுகிறேன், காரணம் சொல்ல இயலாது என்று சொல்லிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் புரிந்துகொண்டார். பிறகு என் அலுவலகப் படி ஏறவில்லை. எங்கள் சீனியர் காலத்து உறவு அது. இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

வேறொரு ஊர் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் பெண் வழக்கறிஞர் ஒருவரிடம், ஓட்டுநரின் சம்மதத்தோடு வழக்குக் கட்டை ஒப்படைத்தேன். சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கேட்கலாம் என்றும் சொன்னோம். அவர் தானே கட்டணம் வாங்காமல் நடத்துவதாகச் சொல்லிவிட்டார். சீட்டை ஜெராக்ஸ் எடுக்கும்போது கார்பன் எழுத்து பாதிதான் வந்தது. ஒளியைக் கூட்டி மொபைலில் படமும் எடுத்து வைத்தோம்.

விசாரணை

இனி வருவது நான் நேரில் நின்று பார்த்ததல்ல. சாட்சிய நகல்களிலிருந்தும் அந்த வழக்கறிஞர் சொன்னதிலிருந்தும் எழுதுகிறேன்.

அவர் முதலில் எடைமேடைக்குப் போனார். அங்கே கேமரா இருந்தது. ஆனால் பதிவு சில வாரங்களில் தானாகவே அழிந்து புதிது ஏறிவிடும் வகை. பிப்ரவரியிலேயே நான் ஓட்டுநரிடம் பேசியிருந்தால் முகத்தோடு படம் கிடைத்திருக்கும். இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தக் கேமராதான்.

மில்லில் வேறொன்று கிடைத்தது. வாசல் காவலர் எழுதும் பதிவேட்டில் வண்டி எண், உள்ளே வந்த நேரம், ஓட்டுநர் பெயர், போன் நம்பர், கையெழுத்து எல்லாம் இருந்தன. அதை குற்றவியல் நடைமுறைச் சட்டம் 91-வது பிரிவில் மனு போட்டு நீதிமன்றத்துக்கு வரவழைத்தார்.

குற்றத்தை மறுத்ததும் விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்புச் சாட்சியான டீக்கடைக்காரர் ஒருவர் முதல் விசாரணையில் ‘கூண்டில் நிற்பவர்தான்’ என்றார். குறுக்கு விசாரணையில், ஓடியவரின் முதுகைத்தான் பார்த்தேன், தலையில் துண்டு கட்டியிருந்தார், இவரைப் பிறகு ஸ்டேஷனில் பார்த்தேன் என்று ஒத்துக்கொண்டார். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியில் இயந்திரக் கோளாறு இல்லை என்றார். அதில் தகராறு எதுவும் இல்லை.

உரிமையாளர் சாட்சி சொன்ன நாள்தான் கடினமானது. தன் இரண்டாவது டிராக்டரை அன்றிரவு மில்லுக்கு ஓட்டியது யார் என்ற கேள்விக்கு ‘ஞாபகம் இல்லை’ என்றார். உடனே அரசு வழக்கறிஞர் என் அலுவலகத்தில் டைப் ஆன அந்த வரியை எடுத்தார். விபத்து நடந்த சில நாட்களிலேயே, எந்தச் சண்டையும் இல்லாத நேரத்தில், ஓட்டியவர் பெயரைப் பிரமாணமாகச் சொல்லியிருக்கிறாரே என்றார். அதே வக்கீல்தான் அன்று எதிரிக்கும் வக்கீல் என்பதும் பதிவானது. தேவையில்லாமல் எழுதிய ஒரு வரிக்கு இரண்டு வாய்தா செலவானது. மனுவில் எதிரி கையெழுத்திடவில்லை, அது உரிமையாளரின் கூற்று மட்டுமே, 133-வது பிரிவுப் பதிலை அவர் திரும்பச் சொன்னார், அவ்வளவுதான் என்று வாதாடி அதை எதிர்கொண்டார்கள்.

எதிரித் தரப்புச் சாட்சிகளாக எடைமேடை ஊழியரும் மில் காவலரும் வந்தார்கள். எடைமேடைக் கம்ப்யூட்டரின் கடிகாரம் தவறாக இருக்கலாம் அல்லவா என்று அரசுத் தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். அதற்கு முன்கூட்டியே தயாராகியிருந்தார் அந்த வழக்கறிஞர். இந்தச் சீட்டுக்கு முந்தின எண், பிந்தின எண் சீட்டுகளின் வண்டிகளும் அதே மில்லுக்குத்தான் வந்திருந்தன. மூன்று வண்டிகளின் எடைமேடை நேரமும் காவலர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிய வாசல் நேரமும் வரிசை மாறாமல், சில நிமிட இடைவெளியோடு பொருந்தின. ஒரு கம்ப்யூட்டர் கடிகாரமும் ஒரு கைக்கடிகாரமும் ஒரே அளவு தவறாக ஓட வாய்ப்பில்லை.

தீர்ப்பும் பிறகும்

2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வண்டி மோதி மரணம் நேர்ந்தது உண்மை, ஆனால் ஓட்டியது இவர்தான் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தார் நீதிபதி. வேறு யார் என்பதற்குள் தீர்ப்பு போகவில்லை. மேல்முறையீடு இல்லை. வேறு யார் மேலும் வழக்கு பதிவாகவில்லை. ஒரு மனிதர் இறந்த வழக்கில் அதற்குப் பொறுப்பானவர் யாரென்று கடைசிவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. எதிரித் தரப்பு வக்கீலின் வேலை அதைக் கண்டுபிடிப்பது அல்ல. ஆனாலும் அந்தக் குறை எனக்குள் இருக்கிறது.

இறந்தவர் குடும்பத்தின் இழப்பீட்டு வழக்கு இழுத்தது. ஓட்டுநர் குற்றத்தை மறுத்ததைக் காட்டி இன்ஷூரன்ஸ் தரப்பு எதிர்த்தது. வண்டி மோதியது உறுதி, யார் ஓட்டியிருந்தாலும் உரிமையாளர் பொறுப்பு, நிறுவனம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. ஆனால் ஓட்டுநர் முதல் வாய்தாவிலேயே ஒத்துக்கொண்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்குப் பணம் ஒரு வருடமாவது முன்னால் வந்திருக்கும். நடுவில் இறந்தவரின் மனைவி வட்டிக்கு வாங்கித்தான் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டினார். உண்மை சொன்னதன் செலவில் ஒரு பகுதியை அவரும் சுமந்தார். இதை மறைத்து எழுதினால் இந்த ஆய்வுக்கு அர்த்தமில்லை.

ஓட்டுநருக்கு அந்த முதலாளியிடம் வேலை போனது. முன்பணத்தை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தவணை பேசி அடைத்தார். நிலுவை வழக்கால் நின்றிருந்த பாஸ்போர்ட் விண்ணப்பத்தைத் தீர்ப்பு நகலோடு மறுபடி போட்டார். கிடைத்தது. சிங்கப்பூர் போகவில்லை. பக்கத்து ஊரில் அறுவடை மிஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு அதில் இருக்கிறார். அவருடைய அம்மா தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2022 ஐப்பசியில் தாளடி நடவுக்குப் போகத் தொடங்கிவிட்டார். இறந்தவரின் மனைவி வீட்டுக்கு முதலில் போய்ப் பேசிவிட்டுத்தான் போனாராம்.

இப்போது எப்படிச் செய்கிறேன்

2024 ஜூலை 1 முதல் 304ஏ-வின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) வந்துவிட்டது. தண்டனை ஐந்து வருடம் வரை சிறை, கூடவே அபராதம். பழைய பிரிவில் ‘சிறை அல்லது அபராதம்’ என்று இருந்தது. இப்போது அபராதத்தோடு மட்டும் முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. இருந்தும் ‘பையன் ஒத்துக்கிறான், ஃபைன் கட்டிடலாம்’ என்ற பேச்சோடு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். போன மாதம்கூட ஒருவர் வந்தார். வண்டி உரிமையாளர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவர் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ-யின்படி உரிமையாளரோ பெற்றோரோ மூன்று வருடம் வரை சிறைக்குப் போக நேரும். உரிமம் உள்ள ஏழைப் பையன் ஒருவனைத் தேடும் வேலை அந்தப் பயத்தில்தான் தொடங்குகிறது.

வண்டி உரிமையாளரும் ஓட்டுநரும் சேர்ந்து வந்தால் இப்போது ஒருவருக்கு மட்டும்தான் வக்காலத்து வாங்குகிறேன். மற்றவரை வேறு வக்கீலிடம் அனுப்புகிறேன், வண்டியை எடுக்கும் சாதாரண மனுவாக இருந்தாலும் சரி. அந்த மனுவின் மாதிரியிலிருந்து ‘ஓட்டிவந்தார்’ என்ற வரியை என் குமாஸ்தாவே எடுத்துவிட்டார். எதிரியோடு யார் வந்தாலும், அப்பாவாக இருந்தாலும், முதல் அரை மணி நேரம் அவர் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார வேண்டும். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைக்கிறோம்.

உள்ளே முதலில் நடந்ததைச் சொல்லச் சொல்வதில்லை. இடத்தை வரையச் சொல்கிறேன். பிறகு அன்றைய நாளைக் காலையிலிருந்து கேட்கிறேன்: எத்தனை மணிக்கு எழுந்தாய், யாரோடு வேலைக்குப் போனாய், எங்கே சாப்பிட்டாய், யாருக்குப் போன் செய்தாய், பாக்கெட்டில் என்ன இருந்தது. போனையும் பர்ஸையும் மேஜை மேல் வைக்கச் சொல்கிறேன். எங்காவது கேமரா இருக்கிறது என்று தெரிந்தால், பதிவை அழிக்காமல் வைக்கக் கேட்டு அன்றைக்கே கடிதம் போகிறது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் வக்காலத்தை எடுத்து நீட்டுகிறேன்.